நீல நாற்காலியில் ஓட்டை

அக். 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. அவருடைய போர்வை நேற்றைய ஈரத்தோடு இன்னும் கொடியில்.

வெள்ளிக்கிழமை நம் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்த சர்ச் நாற்காலிகள் இன்றுதான் திரும்பிப் போயின. வாட்ச்மேன் தேவராஜ் ஆட்டோவில் அடுக்கினான். நம்முடைய இரண்டை மட்டும் உள்ளே இழுத்துப் போட்டேன். இடுப்பில் சுரீர்.

பாத்ரூம் வாசலில் மறுபடியும் விழப் பார்த்தோம். அவர் கனம் மொத்தமும் என் தோளில். பக்கவாதத்தில் வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் போன மனுஷர். நான் ஒருத்தி எத்தனை நாள் தூக்குவது? சுவரைப் பிடித்துத் தப்பித்தோம். மகள் ஷீபாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

ஸ்ரீசிட்டியிலிருந்து மகள் போனில்: "மா, நைனாவையும் பாத்துக்கினு உன் இடுப்பையும் பாத்துக்க உன்னால ஆவாது. திருப்பதியில ஒரு ஹோம் கீது. நல்லா பாத்துக்கிறாங்களாம். ஞாயித்துக்கிழமை வரேன், பேசி முடிச்சிடலாம்."

"பாத்ரூமுக்குத் தூக்காம இருக்க நான் ஒரு வழி பண்ணிட்டா?"

"பண்ணிட்டா நான் வாயே தொறக்கல."

ஞாயிறு. அதற்குள்.

நடுவில் ஓட்டை வைத்த இரும்பு நாற்காலி வாடகைக்கு வந்தது, போன வாரம். அறை வாசலுக்குள் நுழையவில்லை. திருப்பி அனுப்பியாயிற்று. வேறு என்ன வழி?

ராத்திரிக்கு ரசம் போதும்.

அக். 7, செவ்வாய்

வெயில். போர்வை காய்ந்தது.

இந்த வீட்டில் இதுவரை வேலை மாற்றிக்கொண்ட சாமான்கள்:

இட்லித் தட்டு: மாத்திரைக்கு. காலைக்கு ஒரு குழி, மதியத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. மிச்சக் குழியில் என் தலைவலி மாத்திரை.

ஸ்பூன்: பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றியது. அவர் இடது கையில் வழுக்குவதில்லை.

பழைய வாயில் புடவை: மடித்து அவருக்கு அடியில். இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால் ஆள் நகர்கிறார்.

எலெக்‌ஷன் ஃப்ளெக்ஸ்: விரிப்புக்கு அடியில், மெத்தை நனையாமல் இருக்க. தலைவர் கும்பிட்ட கையோடு மல்லாந்து கிடக்கிறார். பாவம், எல்லாவற்றையும் தாங்குகிறார்.

தண்ணீர் பாட்டில், மூடியில் ஆணி ஓட்டை: தலைக்கு ஊற்ற.

திருப்பதி பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே ஆரம்பிப்பார், "இது வீடா, காயலாங்கடையா?" என்று. இன்று அந்தக் காயலாங்கடை மேல்தான் படுத்திருக்கிறார். சொல்லிக் காட்ட ஆசை. தெம்பில்லை.

மதியம் யோசனை வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி! வாசலில் நுழையும், தூக்கவும் லேசு. பின்கட்டில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, வட்டமாக அறுத்தேன். நாற்றம் தெரு வரைக்கும். அடியில் ஏதோ வெள்ளைப் பெயின்ட் தெறித்திருந்தது. கிறிஸ்துமசுக்கு ஜன்னல் அடித்தபோது பட்டிருக்கும். ஓட்டையைச் சுற்றி ட்யூப், தொடையில் குத்தாமல். கீழே பக்கெட். கச்சிதம்.

வெட்டி எடுத்த வட்டம் தண்ணீர்ப் பானைக்கு அளவெடுத்தது போல் இருந்தது. கழுவி, அவரிடம் கொண்டுபோய் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிக் காட்டினேன். "பாருங்க, மூடி கூட ஆச்சு."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக். 8, புதன்

மேகமூட்டம். எண்ணெய் தீர்ந்தது.

உட்காரவில்லை.

காலையில் புடவையால் இழுத்து, கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்தினேன். இடது கையால் அதன் காலைத் தட்டிவிட்டார். மறுபடி நகர்த்தினேன், மறுபடி தட்டினார். "இன்னாங்க, என் இடுப்பு உங்களுக்கு விளையாட்டா பூட்ச்சா?" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. கடைசியில் பாத்ரூமுக்கே தூக்கினேன்.

சாயங்காலமும் அதே கதை.

பக்கத்து வீட்டு ரத்னம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மகவாள்ளு அந்தே வதினா. ரோஷம்." ஆம்பிளைகளே அப்படித்தானாம். அவள் வீட்டுக்காரர் எழுந்து தன் காலில் நடக்கிறார், அவள் சொல்லுவாள்.

அக். 9, வியாழன்

மூன்று விரலை விரிப்பில் அழுத்தி அழுத்திக் காட்டுகிறார். இடது கை. அழுத்துவார், என்னைப் பார்ப்பார், நாற்காலியைப் பார்ப்பார்.

மூன்று மாத்திரையா? இல்லை. மூன்று மணிக்கா? இல்லை. அரிக்கிறதா? இல்லையென்று தலையைப் பலமாக ஆட்டினார். பிதா, சுதன், பரிசுத்த ஆவியா என்று கூடக் கேட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குக் கோபம். அடித்துவிடலாம் போல் ஒரு கோபம். திருப்பதியே நல்லது, போகட்டும், நானும் ஒருநாள் முழுசாகத் தூங்குவேன் என்று நினைத்தேன். நினைத்தபடியே அவர் சட்டையை முதுகில் கீறி நாடா தைத்துக்கொண்டிருந்தேன், போட்டுவிடச் சுலபமாக இருக்கும் என்று. அங்கே இதெல்லாம் யார் தைப்பார்கள்?

எனக்கு அவர் போக வேண்டாம். அவ்வளவுதான்.

பால்காரன் வரவில்லை. வரக்காப்பி.

அக். 11, சனி

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. தூக்கினேன்.

இன்று மழை விட்டு விட்டு. பத்து மணி வாக்கில் தேவராஜ் நனைந்துகொண்டு வந்தான். நாளை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, நாற்காலி எண்ணிக்கொண்டிருக்கிறானாம்.

"யக்கா, ஒண்ணு மாறிப்போச்சு. உங்க சேர் அங்க வந்துகீது. நம்மளுது இங்க கீது."

"எல்லாம் நீலம். எப்படிடா தெரியும் உனக்கு?"

"சர்ச் சேர்னா அடியில மூணு புள்ளி இருக்கும்க்கா. அண்ணன் கமிட்டில இருந்தப்போ அவருதான் வெச்சாரு. வெள்ள பெயின்ட்ல மூணு விரல முக்கி, ஒவ்வொண்ணா கவுத்துப் போட்டு வெச்சாரே. எவன் வூட்டுக்குப் போனாலும் திரும்பி வந்துடும்ட்டு சிரிச்சாரு."

பானை மூடியை எடுத்துத் திருப்பினேன். மூன்று புள்ளி. வலது கை விரல்கள். அந்த விரல் இப்போது விரிப்பில் சும்மா கிடக்கிறது.

தேவனுடைய வீட்டு நாற்காலியில் ஓட்டை போட்டு, அதில் உட்கார்ந்து 'போங்கள்' என்று நாலு நாளாகக் கெஞ்சியிருக்கிறேன். யாரிடம்? புள்ளி வைத்தவரிடமே.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். பாதி வாயால் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இதுதான் முதல் சிரிப்பு. எச்சில் வழிந்தது. நானும் சிரித்தேன். பிறகு அழுதேன், அவர் மார்பில் மூடியை வைத்துக்கொண்டே.

தேவராஜ் ஓட்டையைப் பார்த்தான்.

"பாஸ்டரய்யா கிட்ட இன்னாடா சொல்றது?"

"அத்த வுடுக்கா. யாரும் ஒக்காரலல்ல?"

"ஒருத்தரும் ஒக்காரல."

"அப்போ சரி. நாளைக்கு கரும்பும் வாழக்கன்னும் நிக்க மாட்டேன்னு உருளுது. இதுல சொருவிட்டா நிக்கும். சோக்கா இருக்கும்."

ட்யூபைக் கழற்றிக்கொண்டு கொடுத்தேன். மூடியையும் கேட்டேன், வேண்டுமா என்று. "அது உங்களுக்கு இருக்கட்டும்" என்றான். பானை மேலேயே வைத்திருக்கிறேன். புள்ளி மேலே தெரியும்படி.

அக். 12, ஞாயிறு

வெயில் நன்றாக. கோயிலுக்குப் போகவில்லை. ஆராதனைக்கு முன்பே தேவராஜ் நம் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டான்.

மறுபடி கத்தி, அடுப்பு, நாற்றம். இந்தத் தடவை அவர் பார்க்கும்படி அறை வாசலிலேயே. வட்டம் கோணலாகப் போனபோது 'ம்ம்' என்று அதட்டினார். பஸ் கண்டக்டரை அதட்டுவது போலத்தான்.

பதினொரு மணிக்கு ஷீபா வந்தாள். போனில் திருப்பதிக்காரர்களின் கட்டில், மின்விசிறி, தோட்டம் எல்லாம் படமாகக் காட்டினாள். நல்ல தோட்டம். "மத்தியானம் கூப்பிட்டு சொல்லணும்மா, எடம் வெக்க மாட்டாங்க" என்றாள். நான் அவரைக் கட்டில் ஓரத்துக்கு இழுத்தேன்.

நாற்காலியை நகர்த்தினேன். இடது கையை நீட்டித் தடுத்தார். தட்டிவிடவில்லை. விரலைத் தலைகீழாகச் சுழற்றிக் காட்டினார். கவிழ்க்கச் சொல்கிறார்.

கவிழ்த்தேன். அடியில் நீலம் மட்டும். ஓட்டையைச் சுற்றித் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு நிமிர்த்தச் சொன்னார். என் தோளைப் பிடித்தார், ஒரு திருப்பு.

உட்கார்ந்தார்.

ஷீபா வாசலிலேயே நின்றாள். கதவைச் சாத்தச் சொல்லிக் கையை ஆட்டினார்.

பக்கெட்டை அவள்தான் கழுவினாள். நான் எடுக்கப் போனேன், விடவில்லை. பின்கட்டில் குழாயடியில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது திருப்பதியிலிருந்து போன் வந்தது. கை ஈரத்தோடு எடுத்தாள்.

"இல்லீங்க. இப்போ வாணாங்க."