கன்னத்து பிளாஸ்டர்

திங்கள், 4 ஆகஸ்ட்
காலையிலேயே வெக்கை. துணி காயப்போட்டுட்டு உள்ள வந்தா அவரு முகத்துல ரத்தம். வேர்வையில கன்னம் அரிச்சிருக்கு, மூக்குக் குழாய ஒட்டியிருந்த பிளாஸ்டரப் பிய்ச்சுட்டாரு. தோலும் சேர்ந்து வந்துருச்சு. சிவப்பா, ஈரமா. தொண்டையில புற்று வந்ததுல இருந்து பேச்சு இல்ல, சோறு இல்ல. எல்லாம் அந்தக் குழாய் வழிதான். தோட்டத்துல செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுன மனுஷன்.
“ஏங்க இப்படிப் பண்ணுனீங்க?” கத்திட்டேன். சுவர் பக்கம் திரும்பிக்கிட்டாரு.
மஞ்சள் வைக்கலாமான்னு நெனச்சேன். பயம். நர்ஸ் மிஸிக்கு போன்.

செவ்வாய்
கிளினிக்ல இருந்து மிஸி வந்துச்சு. நம்ம தமிழ்ப் பொண்ணுதான். மொதல்ல குழாய் சரியா இருக்கான்னு பார்த்துச்சு. அப்புறம் உப்புத்தண்ணியால புண்ணக் கழுவி, மேல மெத்துன்னு ஒரு சிலிக்கோன் துண்டு.
“அக்கா, ட்ரீட்மெண்ட்ல தோல் காகிதமா ஆயிருச்சு. இந்தப் பக்கம் இனி பிளாஸ்டர் வேணாம் லா. அந்தக் கன்னத்துக்கு மாத்திடுவோம்.”
மறக்காம: தோல் நல்லா காயணும். காப்பு மருந்து தடவி அதுவும் காயணும். இழுத்து ஒட்டக்கூடாது. எடுக்கறப்ப மேல தூக்காம, ஒரு விரலால தோல அமுக்கிக்கிட்டு, தாழ்வா, மெதுவா மடிச்சு. ஸ்பிரிட் கூடாது. வீங்குனா, சீழ் வச்சா உடனே போன்.

வியாழன்
பிளாஸ்டர நானே மாத்தினேன்.
நோவு வந்ததுல இருந்து என்னைக் கிட்டவே விடமாட்டாரு. வாடை அடிக்குதாம், தூரப் போன்னு கையாட்டுவாரு. இன்னைக்கு கன்னத்த என் உள்ளங்கையில சாய்ச்சுட்டாரு. ஒட்டி முடிச்சப்புறமும் எடுக்கல. நானும் எடுக்கல.
அடுப்புல பருப்பு கருகிப்போச்சு. போகட்டும்.

திங்கள், 18 ஆகஸ்ட்
மழை. புண்ணு மூடி, ரோஸ் கலர்ல புதுத் தோல். “பாகுஸ் லா அக்கா, ரொம்ப நல்லாருக்கு!” மிஸி சொன்னதும் சின்னப்பிள்ளை மாதிரி சிரிச்சேன்.
செருப்பு மாட்டறப்ப மிஸி குரலை இறக்கி, “அக்கா, மாமாவுக்கு மூச்சு சரியில்ல. மகள வரச் சொல்லிடுங்க.”
ஜொகூர்ல இருக்கற மகளுக்கு போன் போட்டேன். “அம்மா?”ன்னா. “கெளம்பி வா”ன்னு மட்டும் சொன்னேன்.

புதன்
மகள் வந்துட்டா. அப்பா கைய விடவே இல்ல. எனக்கு சமைக்கணும்னே தோணல.

வெள்ளி
நேத்து காலைல குழாய்ல ஊத்தப் பால் கலக்கிக்கிட்டுப் போனேன். போயிட்டாரு.
மிஸி குழாய எடுக்க வந்துச்சு. “பிளாஸ்டர நான் எடுக்கறேன்”னு சொன்னேன். மெதுவாதான் எடுத்தேன். இனி வலிக்காதுன்னு தெரியும்.
நாத்தனார் முகத்தத் தடவித் தடவி அழுதாங்க. “பாருங்க அண்ணி, எங்கண்ணன் முகத்துல ஒரு காயம்கூட இல்ல.”
ஆமா, நல்லா ஆறிடுச்சுன்னு சொன்னேன்.