பெருமாள் பேசினது கேக்கல

மாசி 4, ஞாயிறு
காலையில பனி. எனக்கு எழுத வராது. சொல்லச் சொல்ல இந்தப் போனே எழுதிக்கினு வருது.

ஏரி ரொம்பி வழிஞ்சி, கோடி போயி ரேஷன் கடைக்குள்ள தண்ணி பூந்த வருஷம். அப்பதான் எதிர்வூட்டுப் பெருமாள், அவன் நெலத்து வழியா என் கரும்பு வண்டி போவ வழி வுட்டான். ஏரிக்கரையில, மணியக்கார் கோவிந்தன வெச்சிப் பேச்சு. பால்கார ஏழுமலை போன்ல பதிஞ்சான். அது இப்ப மருமவ செல்வி லேப்டாப்புல.

பெருமாள் செத்து அஞ்சு நாள். பால் தெளிச்ச அன்னிக்கே அவன் மவன் முருகன் சொல்லிட்டான், வழின்னு ஒண்ணு கெடையாதுன்னு. வியாழன் கரும்பு வெட்டு. டிராக்டர் எந்தப் பக்கம் போவும்?

பதிவப் போட்டா கோடு ஓடுது. சத்தம் இல்ல.

திங்கள்
பெங்களூர்ல இருந்து எம் மவன் சொல்லச் சொல்ல செல்வி தட்டினா. லினக்ஸாம். காலேஜ்ல குடுத்தது. கறுப்புத் திரை, எழுத்தா கொட்டுது. ம்யூட் இல்ல. சத்தம் நூறுல நிக்குது. மூணு வாட்டி அணைச்சிப் போட்டாச்சி. நூறும் எங்க போவுது?

மாட்டுக்குத் தண்ணி காட்ட மறந்துட்டன்.

செவ்வாய்
சங்கராபுரம் பஸ். நிக்கக்கூட எடம் இல்ல. கம்ப்யூட்டர் கடை பாய் பாத்தாரு. சத்தம் ஹெட்போனுக்குப் போய்க்கினு இருக்குன்னாரு. ஹெட்போனே மாட்டலியே. ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சாரு.

"பெரியவரே, பாதி பின்னு ஒடஞ்சி உள்ள கெடக்குது. இன்னா பண்ணீங்க?"

குச்சியில பசை தடவி இழுத்துட்டாரு.

செல்வி வேலை. எழவு வுழுந்த அன்னிக்கு லேப்டாப்பு டிங் டிங்னு கத்திக்கினு இருந்துச்சாம். கருமாதி வரைக்கும் தெருவுல சத்தம் கூடாது. எப்பிடி அடக்கறதுன்னு தெரியாம பழைய இயர்போன சொருகி ஒயர அறுத்துட்டா. பையில திணிக்கும்போது ஒடஞ்சிருக்கும். வெளிய ஒண்ணும் தெரியலன்னு, தானா கழண்டு வுழுந்துட்டுதுன்னு நெனச்சிக்கினாளாம். திட்ட வாய் வரல. மரியாதைக்குத்தான பண்ணா.

புதன்
கதவ சாத்திக்கினு, கம்மியா வெச்சிக் கேட்டன். எழவு வூட்டுக்கு எதிர்லயே செத்தவன் கொரலு.

"நான் இருக்கற வரைக்கும் வழிய மறிக்க மாட்டேன்."

இருக்கற வரைக்கும். இது மட்டும் எனக்கு ஞாபகம் இல்ல. அன்னிக்கு அவன் கட்டியிருந்த பச்சைக்கரை வேட்டி ஞாபகம் இருக்கு. இது எப்பிடிப் போச்சி? திருப்பித் திருப்பிப் போட்டன். அதேதான் சொல்றான்.

வுட்டுட்டு எழுந்துக்கப் பாத்தன். ஓடிக்கினே இருந்துச்சி. காத்து, இருமல், அப்பறம் ஒரு பொம்பள கொரலு.

"அதுக்கப்பறம் நான் இருக்கறன் இல்ல? நீங்க ஓட்டுங்கண்ணா."

அன்னிக்கு கரையில இருந்தவங்கள்ல மணியக்கார் செத்துப் போயிட்டாரு. ஏழுமலையும் இல்ல. என்னைத் தள்ளிட்டா, மிச்சம் அந்தக் கொரலுக்காரிதான், எதிர்வூட்ல மூலையில உக்காந்துக்கினு இருக்கற பெருமாள் பொண்டாட்டி அஞ்சலை.