விளிம்பில் இருந்த கோடு

இன்று இரசாயன ஆய்வுகூடத்தில் நைத்திரிக்கமிலப் போத்தலைத் திறந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், நகை செய்யும் பத்தரின் பட்டறையில், உன் காசைச் சோதிக்க உன் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது.

உன் அம்மா சித்தாண்டிக் கோயில் திருவிழாவில், தன் காப்பு இரண்டையும் ஒரு வியாபாரியிடம் கொடுத்து உனக்காக வாங்கிய காசு அது. மண்ணுக்குள் கிடந்த பழைய உரோமானியக் காசு என்று அவன் சொன்னானாம். பாடசாலைக் கண்காட்சியில் அதை வைக்க ஆசைப்பட்டாய். போலியாக இருந்தால் என்ன செய்வது என்று நான் பயந்ததால்தான் பத்தரிடம் போனோம். அவர் உரைகல்லில் தேய்த்து, அந்தக் கோட்டில் அமிலத்துளி விட்டார். கோடு அழியவில்லை. சுத்தப் பவுன் என்றார். "காசில இருக்கிற ராசாவுக்கு நம்மட பள்ளிக்கூட அதிபர்ர மூக்கு, பாத்தியா புள்ள" என்று என் காதில் சொன்னாய். வாவிக்கரை வழியே சிரித்துக்கொண்டே வந்தோம். பவுனா என்று கேட்டோமே தவிர, உண்மையான பழங்காசா என்று பத்தரிடம் நாம் கேட்கவில்லை.

கண்காட்சிக்கு முன்பே டெங்குக் காய்ச்சலில் நீ போய்விட்டாய்.

உன் பெயரோடு வைக்கச் சொல்லி, உன் அம்மா காசை என்னிடம் தந்தார். விவரம் எழுத நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். அக்காலத்துக் காசுகளை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடித்தார்களாம். எழுத்துகள் கூராக நிற்குமாம். உருக்கி வார்த்த போலியில் எழுத்து மழுங்கியிருக்கும், காற்றுக் குமிழிகளின் குழிகள் இருக்கும். பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையை வைத்துப் பார்த்தேன். அரசனின் கன்னத்தில் ஊசிமுனைக் குழிகள். விளிம்பைச் சுற்றி, வார்ப்பின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு, அரத்தால் தேய்த்தும் முழுதாகப் போகாமல். பவுனிலேயே செய்த போலி.

இரண்டு நாள் காசைப் புத்தகப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன். சொன்னால், உன் அம்மாவிடம் மிஞ்சியதையும் பறித்தவள் ஆவேன். சொல்லாவிட்டால், பார்க்க வரும் யாரோ ஒருவர் உன் பெயருக்கு முன்னால் நின்று சொல்வார்.

மூன்றாம் நாள் போனேன். உன் அம்மா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு, கைவில்லையை வாங்கி நான் காட்டிய கோட்டைப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமி."

"அப்ப நல்லம்." கைவில்லையை என்னிடம் திருப்பித் தந்தார். "போலியெண்டே எழுது மகள். அவள்ர பேரையும் போடு. இருந்திருந்தா உனக்கு முதல் அவள் கண்டுபிடிச்சிருப்பாள்."

அப்படியே எழுதினேன். பிள்ளைகள் வரிசையில் நின்று அந்தக் கோட்டைத் தேடினார்கள். உன் அம்மாவும் வந்தார், புதுச்சேலை உடுத்து.

ஆனால் ஒன்றை நான் அவரிடம் சொல்லவில்லை. அன்று வாவிக்கரையில், கட்டைவிரலால் காசின் விளிம்பைத் தடவிக்கொண்டு வந்த நீ, சட்டென்று சிரிப்பை நிறுத்தினாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. தெரியாது என்று உன் அம்மாவுக்கு நான் கொடுத்த பதில்தான், நான் எதை வைத்தும் சோதித்துப் பார்க்காதது. அந்தப் பதிலை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன்.