கட்டிங் அக்காவும் பழைய ஸ்கூல் பஸ்ஸும்

ஜூன் 4, புதன்

இன்றைக்கும் எட்டு மெஷின் சும்மா கிடந்தது. எங்கள் வழியில் ஓடிக்கொண்டிருந்த டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் இல்லையாம்! என் தையல் யூனிட்டில் வேலை செய்கிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் அந்த பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களெல்லாம் கூட்டம் இல்லாமல் வேறென்ன?

கட்டிங் அக்கா பாதி வழி நடந்து, பாதி வழி யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு பத்தரைக்கு வந்து சேர்ந்தார். அவர் துணியை வெட்டிப் போட்டால்தான் மற்றவர்கள் தைக்க முடியும். இரண்டு மெஷினும் ஒரு மேசையுமாக நான் தொடங்கிய நாளிலிருந்து கூடவே இருப்பவர். ஆஸ்பத்திரிக்கு கவுனும் படுக்கை விரிப்பும் தைத்துக் கொடுக்கிற தைரியமே அந்தக் கையை நம்பித்தான் எனக்கு. நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாக வந்திருக்கும் பெரிய ஃபேக்டரி, வீட்டு வாசலுக்கே பஸ் அனுப்புகிறதாம். அக்காவும் அங்கே போய்விட்டால் நான் கதவைச் சாத்திக்கொண்டு போக வேண்டியதுதான்.

வீட்டில் இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்கிறார்: "நாமளே ஒரு பஸ் வாங்கிட்டா என்ன?" ஏதோ அரைக் கிலோ கத்திரிக்காய் வாங்குகிற மாதிரி.

ஜூன் 9, திங்கள்

புது பஸ் விலையைக் கேட்டதும் இவரே பழையது போதும் என்றுவிட்டார். ஒரு புரோக்கரைப் பிடித்து வந்திருக்கிறார். ஏதோ பள்ளிக்கூடம் பழைய பஸ்ஸைக் கழிக்கிறதாம். புரோக்கர் வாயைத் திறந்தால் தங்கம்தான். டயர் தங்கம், இன்ஜின் தங்கம், வைப்பர்கூடத் தங்கம். "சின்னப் பிள்ளைங்க மட்டுமே உட்கார்ந்த வண்டிம்மா. வெயிட்டுன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது."

போய்ப் பார்த்தோம். நான் அழைத்துப் போன மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரால் தட்டித் தட்டிப் பார்த்தார். பின்பக்கத் தரை துருவாம், தகடு மாற்ற வேண்டுமாம். "டயர் பார்க்கத்தான் புதுசு. செஞ்ச தேதியைப் பாருங்க, ரப்பர் எப்பவோ செத்துப்போச்சு." இவர் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றார். உதைத்தால் தெரிந்துவிடும் என்றால் மெக்கானிக் எதற்கு?

ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தோம். நான் முன்னால் டிரைவர் பக்கத்துச் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். குலுக்கல் இல்லை. துருவைக் காட்டி விலையைக் கணிசமாகக் குறைத்துவிட்டேன். ரொம்பக் கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு.

ஜூன் 14, சனி

வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வரவில்லை. தெரு முனையில் திரும்பவே மாட்டேன் என்றுவிட்டது. முன்னே ஒரு முழம், பின்னே ஒரு முழம். எதிர்வீட்டுக்காரர் சுற்றுச்சுவர் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார், பஸ் வந்தால் தள்ளிவிடுவார் போல. கடைசியில் மெயின் ரோடு வரைக்கும் ரிவர்ஸிலேயே போனோம். தெருவே வேடிக்கை பார்த்தது. "வாங்கறதுக்கு முன்னாடி தெருவை அளந்து பார்த்திருக்கக் கூடாதா?" என்று இவரைக் கேட்டேன். "நீ பார்த்தியா?" என்றார். பார்க்கவில்லைதான். அதைச் சொல்லிக்காட்ட வேண்டுமா?

பஸ்ஸோடு டிரைவரும் வந்திருக்கிறார். பள்ளிக்கூடம் அவரையும் சேர்த்துக் கழித்துவிட்டது. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் காலி மனை இருக்கிறதாம், ராத்திரி அங்கேயே நிறுத்திக்கொள்ளலாமாம். ஊர்க் கோடி. கட்டிங் அக்கா வீடும் அந்தப் பக்கம்தான். ஆக, காலையில் முதல் ஸ்டாப் அக்காவுக்கு. ஜன்னலோரச் சீட்டும் அவருக்கே என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷ உழைப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

ஜூன் 18, புதன்

பெயர் மாற்றப் போனால், "வண்டி மஞ்சளா இருக்கற வரைக்கும் இது ஸ்கூல் வண்டிதான்" என்கிறார் ஆபீசர். பெயின்ட் மாற்று, ஸ்டிக்கரைச் சுரண்டு, இன்சூரன்ஸை வேறு வகைக்கு மாற்று, தீயணைப்பு சிலிண்டர் காலாவதி, புதுசு வை, பிறகு வா. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை மட்டும் கழற்றக் கூடாதாம், சீல் வைத்திருக்கிறார்கள். நாற்பதுக்கு மேல் போகாது. என்ன மிதித்தாலும் போகாது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஜூன் 30, திங்கள்

மஞ்சளுக்கு மேல் நீலம் அடிக்கச் சொன்னேன். "ஒரு கோட் போதும்" என்று பெயின்டரிடம் போய்ச் சொன்னது யார்? இவர்தான். இப்போது வண்டி பாசி பிடித்த தொட்டி நிறத்தில் நிற்கிறது. வெயில் சாய்வாகப் பட்டால் பள்ளிக்கூடத்தின் பெயரும் தெரிகிறது.

ஜூலை 7, திங்கள்

முதல் நாள். தேங்காய் உடைக்காத குறையாக நானும் நடந்து வருகிற மீதிப் பேரும் வாசலில் நின்று பஸ்ஸை வரவேற்கப் போனால், உள்ளேயிருந்து ஒவ்வொருத்தியும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு இறங்குகிறாள்.

சீட்டெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டது! இன்ஜினைப் பார்த்தோம், டயரைப் பார்த்தோம், அடியில் படுத்துப் பார்த்தோம். ஒரு சீட்டில் உட்கார்ந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான்தான் முன்னால் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேனே!

பட்டன் தைக்கிற பெண் கேட்கிறாள்: "மேடம், நாளையிலிருந்து தண்ணி பாட்டிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வரட்டுமா?" எல்லோரும் சிரித்தார்கள். கட்டிங் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

டிரைவர் வேறு பழக்கம் விடாமல், "கையை உள்ள வை! எல்லாரும் உட்கார்ந்தாத்தான் வண்டி எடுப்பேன்!" என்று அதட்டுகிறாராம். பேரன் பேத்தி எடுத்தவர்களைப் பார்த்து.

ஜூலை 8, செவ்வாய்

பேட்டரி அவுட்.

ஜூலை 16, புதன்

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சீட்டைக் கழற்றித் தள்ளித் தள்ளிப் போட்டோம். துருவேறிய போல்ட் ஒன்றுகூட ஒழுங்காகக் கழலவில்லை. கடைசி வரிசையையே எடுத்துவிட்டோம். இப்போது கால் நீட்டலாம், ஆனால் நான்கு பேர் நிற்க வேண்டும். யார் நிற்பது என்று தினமும் பஞ்சாயத்து.

வேகம் பற்றிக் கேட்கவே வேண்டாம். இன்றைக்குத் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பஸ்ஸை முந்திக்கொண்டு போனார் என்று பட்டன் பெண் சத்தியம் பண்ணுகிறாள்.

ஜூலை 29, செவ்வாய்

கிளட்ச் பிளேட் போய்விட்டது. "இந்த வயசுல போறதுதான்" என்கிறார் மெக்கானிக், ஏதோ சொந்தக்காரர் செத்ததற்குத் துக்கம் விசாரிக்கிற மாதிரி. யானையைக் கட்டித் தீனி போடுகிறேன்.

ஆனாலும் ஒன்று. இந்த வாரம் ஒரு மெஷின்கூடச் சும்மா இல்லை. ஆஸ்பத்திரிச் சரக்கு நேரத்துக்குப் போயிற்று. அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாயந்திரம் எல்லோரும் பஸ் ஏறும் நேரத்தில் கட்டிங் அக்கா என்னிடம் வந்தார். கையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்தது. "இந்த மாசத்தோட நின்னுக்கறேம்மா. மன்னிச்சுக்கோங்க." அவ்வளவுதான். என்ன, ஏது ஒன்றும் சொல்லாமல் போய் ஏறிக்கொண்டார்.

எனக்கு வயிறு எரியுது. யாருக்காக வாங்கினேன் இதை? யாருக்கு முதல் ஸ்டாப் குடுத்தேன்? டிரைவர்கிட்ட திட்டு, ஆபீசர்கிட்ட திட்டு, எதிர்வீட்டுக்காரர்கிட்ட திட்டு. எல்லாம் வாங்கிக்கட்டிக்கிட்டது எதுக்கு? அந்தப் பெரிய ஃபேக்டரிக்காரன் ஏசி பஸ் காட்டியிருப்பான், அதான். நன்றின்னு ஒண்ணு கிடையாதா மனுஷங்களுக்கு?

இவர், "காரணம் கேட்டியா?" என்கிறார். ஏன் கேட்கணும்? சொல்ல வேண்டியது அவங்க.

ஆகஸ்ட் 14, வியாழன்

அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் தலை நிமிரவில்லை. கத்தரிச் சத்தம் மட்டும்தான். நான் செய்வது சின்னத்தனம் என்று தெரிகிறது. தெரிந்து என்ன? நாளைக்கும் அப்படித்தான் இருப்பேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சீட்டுச் சண்டை தாங்காமல் டிரைவர், "மேடம், ஒரு நாள் நீங்களே கூட வந்து பாருங்க, நான் ஒண்டி ஆளு" என்று கைவிரித்துவிட்டார். இன்று சாயந்திரம் நானே ஏறினேன். முதன்முறையாக, உள்ளே, கடைசி வரைக்கும்.

ஐந்து மணிக்குக் கிளம்பியது. ஒவ்வொரு ஸ்டாப்பாக நின்று, ஒவ்வொருத்தியாக இறங்கி... ஆறேகாலுக்குக்கூட ஊரைச் சுற்றிக்கொண்டுதான் இருந்தோம். எனக்கு இடுப்பே விட்டுப்போயிற்று. கடைசியில் பஸ்ஸில் நானும் டிரைவரும் அக்காவும் மட்டும். காலையில் முதலில் ஏறுகிறவர் சாயந்திரம் கடைசியில்தானே இறங்க முடியும்? இதில் கணக்கு என்ன இருக்கிறது, குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

ஆறரை தாண்டியிருக்கும். அவர் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே ஒருவர் சைக்கிளில் வந்தார், காக்கிச் சட்டை. டிரைவர் எதுவும் கேட்காமல் வண்டியை நிறுத்தினார். அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். அதற்கு மட்டும் டிரைவர் அதட்டவில்லை. சைக்கிள்காரர் சாவியை அந்தக் கையில் வைத்து, "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு" என்றார். "நீங்க சாப்பிட்டீங்களா?" "ம்." பெல் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

"வீட்டுக்காரரா?" என்றேன். நைட் வாட்ச்மேனாம். காலையில் அவர் வருவதற்குள் இந்த அம்மா பஸ் ஏறிவிடுகிறார். டவுன் பஸ் இருந்தபோது ஐந்தரைக்கு வீடு. ஒரு மணி நேரம், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அவர் கிளம்புவார். இப்போது சாவி மட்டும்.

"பெரிய ஃபேக்டரிக்கா போறீங்க?" என்று கேட்டே விட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அங்க எதுக்கு? எங்க தெருவுல பிளவுஸ் தைக்கற கடையில கூப்பிட்டாங்க. சம்பளம் பாதிதான்."

"ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

"என்னன்னும்மா சொல்வேன்? இந்த வயசுல, புருஷனைப் பார்க்கணும், பஸ்ஸைத் திருப்பி ஓட்டுங்கன்னா? ஊரே சிரிக்கும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். முகம் சிவந்துபோயிற்று. பிறகு, "ஆசையா முதல் ஸ்டாப்பு குடுத்தீங்க. வேண்டாம்னு சொல்ல வாய் வரல" என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேனே, பாவி!

ஆகஸ்ட் 21, வியாழன்

"சாயந்திரம் முதல்ல உங்களை இறக்கிட்டு மத்தவங்களை விடச் சொல்றேன்" என்றேன். அக்கா தலையை ஆட்டிவிட்டார். "ஓவர்லாக் மெஷின்காரி கைப்பிள்ளையை விட்டுட்டு வர்றா. அவளை ஒரு மணி நேரம் சுத்தவிட்டு நான் போய் இறங்கணுமா? ஏன்னு கேட்டா என்ன சொல்றது?" நியாயம்தானே. என்ன வழி? இன்னொரு பஸ்ஸா? சாமி, வேண்டவே வேண்டாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வீட்டில் இதையே புலம்பிக்கொண்டிருந்தேன். இவர் சலித்துப்போய், "அக்காவை நகர்த்த முடியலேன்னா மேசையை நகர்த்து. என்னைத் தூங்க விடு" என்றார்.

கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அக்காவின் வீட்டை ஒட்டி ஒரு கடை பூட்டிக் கிடக்கிறது. அங்கேயே வெட்டட்டும். வெட்டின துணி காலையில் முதல் ஸ்டாப்பில் பஸ் ஏறி வரட்டும். துணிக்கு இடுப்பு வலிக்கவா போகிறது? இவர் யோசனை சரியாக இருப்பது பத்து வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும். இன்னும் ஒரு மாதத்துக்கு இதையே சொல்லிக்கொண்டு திரிவார், அதையும் தாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அக்கா சரி என்றுவிட்டார், கடையையும் வாடகைக்குப் பிடித்தாயிற்று. கட்டிங் மேசை பஸ்ஸின் பின்பக்க அவசர வழியில்தான் நுழைந்தது. நுழைந்தது என்று எப்படிச் சொல்வது, முக்கால்வாசி. மீதி வெளியே. கதவை மூட முடியாததால் அலாரம் ஊர்க் கோடி வரைக்கும் விடாமல் கத்தியது. அதை நிறுத்த எந்த ஒயரைப் பிடுங்குவது என்று டிரைவருக்கும் இவருக்கும் வழியெல்லாம் வாக்குவாதம். பிடுங்கிய ஒயர் ஹெட்லைட்டுடையது. அக்கா வீட்டுக்காரர் வாசலில் நின்று மேசையை ஒரு கை பிடித்தார். அதிகம் பேசாத மனிதர்.

செப்டம்பர் 4, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து அவசர ஆர்டர். எல்லோரையும் ஏழு மணி வரை இருக்கச் சொல்லியிருந்தேன். ஐந்தரைக்கு வெட்டின துணி தீர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு கட்டு தயார் என்று அக்கா மத்தியானமே போனில் சொல்லியிருந்தார். காலி பஸ்ஸில் நானே ஓடினேன். ஓடினேன் என்றால், நாற்பதில்.

கடை சாத்தியிருந்தது. கட்டு இரண்டும் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. தட்டப் போனவள் உள்ளே பார்த்துவிட்டேன். காக்கிச் சட்டையோடு அவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார். எதிரே அக்கா, தன் தட்டோடு. அவர் எதையோ சொல்ல, அக்கா வாயில் சாப்பாட்டோடு சிரிக்கிறார். யூனிட்டில் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

சத்தம் போடாமல் திரும்பி வந்து, நாலு வீடு தள்ளி நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். டிரைவர் ஹாரனில் கை வைத்தார்.

"அடிக்காதீங்க."

"லேட்டாகுது மேடம், அங்க எல்லாரும் சும்மா உட்கார்ந்திருப்பாங்க."

"உட்காரட்டும்."

யூனிட்டிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. ஆறரைக்கு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். தெரு முனை திரும்புகிற வரை அக்கா வாசலில் நின்றார். அக்கா உள்ளே போன பிறகுதான் நான் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.