காவ்யா பெயரில் கேட்பது நான்

பருத்திப்பட்டு, ஆவடி
திங்கட்கிழமை

அன்பு மாமாவுக்கு,

கனிமொழி எழுதுகிறேன். அத்தை, காவ்யா, நான் மூவரும் நலம். புனேயில் குளிர் தொடங்கிவிட்டது என்று நேற்று சொன்னீர்கள். ஸ்வெட்டரை உங்கள் பச்சைப் பையின் அடியில்தான் மடித்து வைத்து அனுப்பினேன். தேடிப் பார்க்காமல் புதிதாக வாங்கிவிடாதீர்கள்.

கையில் போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டால் அத்தை ஸ்பீக்கரில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். அத்தனை பேர் காதிலும் விழ, நான் உங்களிடம் கேட்க முடிவது சாப்பிட்டீர்களா என்பது மட்டும்தான். மெசேஜ் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது பாருங்கள்.

நேற்று காவ்யாவைத் திட்டினீர்களே, "படிக்கிற பொண்ணுக்கு இன்னாத்துக்கு புதுசு புதுசா ஆப்பு, கேம் ஆடறதுக்கா" என்று. அந்த ஆப்பைக் கேட்டது அவள் இல்லை. நான்.

மறந்திருப்பீர்கள். கொரோனா சமயத்தில் அவளுடைய ஆன்லைன் கிளாசுக்கு வாங்கிய போன் இது. கண்டதையும் பார்த்துவிடக் கூடாது என்று குழந்தைக் கணக்காகப் போட்டுக் கொடுத்தது நீங்கள்தான். எதை இறக்கினாலும் அப்பா உங்களிடம் அனுமதி கேட்கும், கிளாஸ் முடிகிற ஒரு மணிக்குப் பூட்டிக்கொள்ளும். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் போன் என் கைக்கு வந்தது. மாற்றித் தருகிறேன் என்றீர்கள், அதற்குள் புனே வேலை வந்துவிட்டது. இந்தப் போனைப் பொறுத்தவரை நான் இன்னும் எழுந்து நின்று குட்மார்னிங் சொல்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளை.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நானும் முதலில் சிரித்தேன்.

மேல் வீட்டு தாட்சாயிணி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அவள்தான் போனிலேயே படிக்கிற ஒரு படிப்பைப் பற்றிச் சொன்னாள். கம்ப்யூட்டரில் பில் போடுவது, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் தமிழிலேயே வீடியோவாக, இலவசமாக நடத்துகிறார்கள். நான் பி.காம். முடித்தவள் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கே மறந்துபோயிருந்தது. ஆடி மாதத்திலிருந்து படிக்கிறேன். அத்தை காலையில் ஏரிக்கரை நடைக்குக் கிளம்பினதும் போனை மிக்சிக்குப் பக்கத்தில் நிறுத்துவேன். சட்னி அரைக்கும்போது வாத்தியார் சொல்வது காதில் விழாது, அந்த இடத்தைத் திரும்பவும் ஓட்டிப் பார்ப்பேன். வேலையெல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு உட்காரும்போது மணி ஒன்றாகிவிடும். இன்றைக்கு இது போதும், வெளியே போய் விளையாடலாம் என்று திரையில் வரும். வெளியே போக எனக்கும் ஆசைதான்.

பாடம் எல்லாம் முடித்துவிட்டேன் மாமா. பரீட்சைதான் பாக்கி. அதை ஒரு ஆப் வழியாகத்தான் எழுத வேண்டும், நம் முகத்தைக் கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். அந்த ஆப்பைத்தான் கேட்டேன். காவ்யா கேட்கிறாள் என்று உங்களுக்கு வந்தது, வேண்டாம் என்று அழுத்திவிட்டீர்கள். தாட்சாயிணி தன் லேப்டாப்பைத் தரத் தயார்தான், ஆனால் பரீட்சை பகலில், அவள் அதைக் கம்பெனிக்கு எடுத்துப் போயிருப்பாள். இந்த முறை விட்டால் அடுத்த வருஷம்தான். அவள் கம்பெனியில் காலியாக இருக்கும் இடம் அதுவரை காத்திருக்காது.

நேற்று நீங்கள் திட்டியபோது காவ்யா என்னைத்தான் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தாள். பக்கத்தில் அத்தை நின்றார்கள், நான் ஃப்ரிட்ஜைத் திறந்து எதையோ தேடினேன். அவள் "சரிப்பா, இனிமே கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வேலைக்குப் போகவா என்று முன்பு கேட்டபோது அத்தை, "நீ பூட்டா ஊட்ட யாரு பாக்கறது" என்றார்கள். அவர்கள் கோபத்துக்குப் பதில் சொல்லியிருப்பேன். நீங்கள், நான் இருக்கும்போது நீ எதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள், அதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. சில நாள் பால்கனியில் துணி காயப்போடும்போது அண்ணனூர் பக்கம் ரயில் சத்தம் கேட்கும். அதில் டிபன் பையோடு போகிற பெண்களை நினைத்துக்கொண்டு, சத்தம் தேயும்வரை ஈரத்துணியோடு நிற்பேன்.

காவ்யாவுக்குத் தை மாதம் பதின்மூன்று முடிகிறது. அதற்கப்புறம் இந்தக் கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா என்று போன் அவளையே கேட்குமாம். இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். எனக்கு முப்பத்தாறு நடக்கிறது.

பரீட்சை வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. அத்தை அப்போது கோயிலில் இருப்பார்கள். கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், புதன் வியாழனுக்குள் வந்துவிடும். வியாழன் காலையில் மறுபடி கேட்பேன். உங்கள் போனில் காவ்யா பெயரும், இரட்டைப் பின்னல் போட்ட அவளுடைய பழைய படமும் வரும். அவளைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கேட்பது நான்.

வேலை கிடைத்தால் போவதா வேண்டாமா என்பதை நீங்கள் வந்ததும் உட்கார்ந்து பேசலாம். சண்டை போட்டாலும் சரி. இப்போதைக்கு எழுத மட்டும் விடுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், ராத்திரி ஷிப்டில் குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். அந்த அனுமதி என்கிற பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்துங்கள் மாமா, நல்லா இருப்பீங்க.

உங்கள்
கனிமொழி