போதகரின் கால்

என் அப்பாவுக்கு,

நேரில் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் உங்கள் சாப்பாட்டுப் பைக்குள் இந்தக் கடிதம். நிதானமாக எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

வியாழக்கிழமை ஆலயத்தில் கால் கழுவும் ஆராதனைக்கு உங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சாக்கடையில் இறங்கும் கால்களைக் காலையிலிருந்து மூன்று முறை தேய்த்தீர்கள். போதகர் மண்டியிட்டு, ஒவ்வொருவர் காலையும் கழுவித் துடைத்தார். மற்றவர்கள் துடைத்து முடிந்ததும் எழுந்து போனார்கள். நீங்கள் மட்டும் அவர் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தீர்கள்.

"உங்க காலும் நாள் பூரா நடந்த கால்தானே ஐயா. இப்படி நீட்டுங்க."

சபையில் சிரிப்பு எழுந்தது. பக்கத்தில் இருந்த என் அலுவலகத் தோழி, "யாருடி அந்தப் பெரியவர்?" என்றாள். "தெரியல" என்றேன்.

போதகர் சிரிக்கவில்லை. குழந்தை மாதிரி காலை நீட்டினார். கடவுளுக்கு முன் எல்லாரும் சமம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், அப்பா. அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவர் குனிந்ததைவிட, நீங்கள் கூச்சமில்லாமல் அவர் காலைக் கேட்டதுதான் என் மனதில் நிற்கிறது.

நேற்று தோழியிடம் உண்மையைச் சொன்னேன். "பெத்த அப்பாவையாடி தெரியாதுன்ன? நல்ல பொண்ணு போ" என்று திட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளும் வருகிறாள். வழக்கம்போல் கடைசி பெஞ்சுக்குப் போய்விடாதீர்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் இடம் பிடித்து வைக்கிறேன்.

உங்களைத் தெரியாது என்று சொன்ன,
உங்கள் மகள்