செல்ஃப் ஸ்டார்ட் படகு

பொன்னேரி,
வியாழக்கிழமை.

அன்புள்ள ஜெபா அப்பாவுக்கு,

உங்கள் சுகிர்தா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் ஜெபாவும் சுகமாக இருக்கிறோம். போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், உங்கள் தம்பி பென்னி அடுத்த அறையிலிருந்து கேட்டுவிடுவான். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்றால் என் போன் எந்நேரமும் ஜெபா கையில்தான். மோசஸ் அண்ணன் லீவு முடிந்து நாளை விமானம் ஏறி உங்கள் கேம்புக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஜெபா கணக்கில் தேறிவிட்டாள். போன வாரம் பெய்த மழையில் சமையல்கட்டுக் கூரை ஷீட் மறுபடி ஒழுகியது, கீழே குண்டானை வைத்துச் சமாளித்தேன். மாடி போடத்தான் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள், தெரியும். அந்தப் பணத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போன ஞாயிறு படகு விஷயம் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலை வேண்டாம், சிநேகிதன் விமலோடு சேர்ந்து பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கப் போகிறேன் என்று பென்னி வந்து நின்றதும், அவன் சேர்த்த பணத்தோடு நாம் கொஞ்சம் போட்டுப் பழைய படகு ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தோம். கயிறு இழுத்துக் கிளப்பும் இன்ஜின் வைத்த படகு நம் கணக்குக்குள் வந்தது. அவன் மட்டும் செல்ஃப் ஸ்டார்ட் இன்ஜின்தான் வேண்டும் என்று என்னை நச்சரித்தான். அதற்கு ஒரு லட்சம் கூட ஆகும் என்று நான் சொன்னதும் நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள்:

"கயித்த இழுக்க அவனுக்குக் கை இல்லியா இன்னா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பென்னி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். சட்டென்று எழுந்து போய்விட்டான். பென்னி துரைக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று நானும் நினைத்தேன்.

அவன் இரண்டு மாதம் கம்பெனி ரூமிலேயே இருந்துவிட்டுப் போன வாரம்தான் வீட்டுக்கு வந்தான். வலது கையில் பெரிய கட்டு. கை சுளுக்கு, மூட்டை தூக்கும்போது பிசகிவிட்டது என்றான். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டான். நானும் ஜெபாவும் கேலி செய்தோம். அவனும் கூடச் சிரித்தான்.

நேற்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவனோடும் விமலோடும் பழவேற்காடு போனேன். படகுக்காரர் பெயர் சின்னராசு, வயதானவர், நல்ல மாதிரி. படகும் எனக்குப் பிடித்தது. பச்சையும் மஞ்சளுமாகப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார். அட்வான்ஸைத் தட்டில் வைத்து நீட்டினேன், அவர் தொடவில்லை. அவர் வீட்டு வழக்கம் ஒன்று இருக்கிறதாம். வாங்குகிறவன் தன் கையால் கயிறு இழுத்து இன்ஜினைக் கிளப்பி, கொஞ்ச தூரம் ஓட்டி வந்த பிறகுதான் பணத்தைத் தொடுவாராம்.

பென்னி இடது கையால் இழுத்தான். இன்ஜின் லேசாக உறுமிவிட்டு அடங்கியது. மறுபடி மறுபடி இழுத்தான், வியர்த்துக் கொட்டியது. சுளுக்கு இருக்கிறது, விமல் இழுக்கட்டுமே என்று நான் சொன்னேன். வாங்குகிறவன் கைதான் இழுக்க வேண்டும், சுளுக்கு ஆறியதும் வாருங்கள், படகு எங்கும் போகாது என்றார் அவர். பென்னி பல்லால் கட்டின் முடிச்சை இழுத்து அவிழ்த்தான்.

நடுவில் மூன்று விரல் இல்லைங்க.

கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருக்கின்றன. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தட்டு கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியவில்லை, விமல்தான் நோட்டுகளைப் பொறுக்கினான்.

சின்னராசு கிட்டே வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இந்தப் படக உனக்குக் குடுக்க மாட்டேன் நைனா. காத்துல இன்ஜின் நின்னு போச்சுன்னா இன்னா பண்ணுவ?" என்றார். கைக்கு வந்த வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு, தன் மச்சானிடம் செல்ஃப் ஸ்டார்ட் படகு ஒன்று விலைக்கு இருக்கிறது, திங்கட்கிழமை வரை வேறு யாருக்கும் பேச வேண்டாம் என்று சொல்லி வைக்கிறேன் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் சொன்னான். கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் விரல்கள் போயிருக்கின்றன. கான்ட்ராக்டர் ஏதோ நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டு, வெளியே சொல்லக்கூடாது என்று பணம் கொடுத்திருக்கிறான். பென்னி சேர்த்து வைத்தது என்று நீங்கள் கேம்ப் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டீர்களே, அந்தப் பணம் இதுதான். அந்தக் கான்ட்ராக்டரை நீங்கள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்கு அவசரப்பட்டு யாருக்கும் போன் போட்டுவிடாதீர்கள்.

விமல்தான் கூட இருக்கப் போகிறானே, அவன் இழுக்கட்டும், ஒரு லட்சம் மிச்சம் என்று எனக்கும் ஒரு நிமிடம் புத்தி போனது. கேட்டும் பார்த்தேன்.

"தெனம் இன்னொருத்தன் கைய எதிர்பாத்துக்கினு இருக்கறதுக்கு எனக்கு எதுக்கு அண்ணி படகு?" என்றான்.

அண்ணனுக்குச் சொல்லக்கூடாது என்று பைபிள்மேல் கை வைக்கச் சொன்னான், வைத்தேன். பிள்ளை மாதிரி தூக்கி வளர்த்தவர் தாங்கமாட்டார், வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார் என்று பயப்படுகிறான். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், ஒரே நாளில் வாக்கை மீறிவிட்டேன்.

ஷீட் இன்னும் ஒரு வருடம் ஒழுகட்டும், குண்டான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்களாகவே, யோசித்துப் பார்த்தேன், செல்ஃப் ஸ்டார்ட் படகையே வாங்கு என்று அவனிடம் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். குரல் உடையும் போலிருந்தால் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுங்கள். வீடியோவில் கையைக் காட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். அவனாக ஒருநாள் காட்டுவான், அன்றைக்கு முதல்முறை பார்ப்பது போலப் பாருங்கள். போன ஞாயிறு சிரித்தீர்களே, அதை நினைத்து மனதைப் போட்டு வதைக்காதீர்கள். தெரிந்தா சொன்னீர்கள்?

அங்கே நீங்களும் மெஷினோடுதானே நிற்கிறீர்கள். வெயில் என்று கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். போனபோது இருந்தபடியே, தலைமுடியிலிருந்து விரல் நுனிவரை முழுசாக, ஆண்டவர் உங்களை எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
சுகிர்தா